நான்கு மணி நேரம் கூடுதல்

ஹெல்சிங்கியிலிருந்து டோக்கியோ
ஏழாயிரத்து எண்ணூறு கிலோமீட்டர், சொச்சம்.
உலக உருண்டையில் நூல் பிடித்து அளந்தால்
இன்றைக்கும் அதே நூல்தான்.

முன்பு ஒன்பது மணி நேரம், சில நாள் ஒன்பதரை.
ரஷ்ய வானத்தை அடைத்த பிறகு
துருவத்தைச் சுற்றிக்கொண்டு பதின்மூன்று.

நான் டிராம் ஓட்டுகிறவன்.
நாற்பது விநாடி பிந்தினால்
பலகையில் சிவப்பு எரியும் பிழைப்பு.
அதனால் எனக்கு முதலில் உறுத்தியது
அந்த நான்கு மணி நேரத்தை
யார் கணக்கில் எழுதுவது என்பதுதான்.

நீதிமன்றத் தாளில் எல்லாம் இருக்கிறது.
பள்ளிக்கூட நாட்கள் எனக்கு,
கோடையில் ஏழு வாரம் சுமிரேவுக்கு,
கிறிஸ்துமஸ் ஒன்றுவிட்டு ஒன்று.
பல் மருத்துவர் செலவு பாதிப் பாதி.
வானத்தைப் பற்றி ஒரு வரி இல்லை.

அகி.
இரண்டு மொழியிலும் இடறாத பெயராகத் தேடி
பிரிவோம் என்று தெரியாத காலத்தில் வைத்தது.
பதினொரு வயது. கழுத்தில்
தனியே பறக்கும் பிள்ளைகளுக்கான அட்டை.

அந்தச் சுற்றுவழியில் முதல்முறை அனுப்பியபோது
பாவம் பிள்ளை, பாவம் பிள்ளை என்று
சுமிரேவும் நானும் தொலைபேசியில்
நெடுநாளைக்குப் பிறகு ஒரே பக்கம் நின்று பேசினோம்.
கறுப்பு ரொட்டியில் இன்னும் இரண்டு துண்டு
கூடுதலாக வைத்தேன்.

ஜூன் மாதம்.
வடக்கே போகப் போகச் சூரியன்
இறங்குவதாகப் போக்குக் காட்டிவிட்டு
அப்படியே நின்றுவிட்டதாம்.
எல்லோரும் ஜன்னலை மூடித் தூங்க
இவன் ஒரு விரற்கடை திறந்து வைத்துப்
பனிக்கட்டியின் விரிசல்களைப் பார்த்திருக்கிறான்.
பணிப்பெண்ணிடம் கேட்டானாம்:
"இப்போ இங்கே மணி என்ன?"
அவள் யோசித்து,
"இங்கே மணி கிடையாது.
உனக்கு எது வேணுமோ அதை வெச்சுக்கோ."

இரண்டு ஊர் நேரமும் காட்டுகிற கைக்கடிகாரம்,
நான்தான் வாங்கித் தந்தது.
அதைக் கழற்றிக்
காலுறைக்குள் போட்டுக்கொண்டானாம்.

"எந்தப் பக்கம் திரும்பினாலும் தெற்குதான், அப்பா!"
இறங்கியதும் பேசினான்.
அங்கே மதியம், இங்கே காலை ஏழு.
பின்னால் சுமிரே
கார்ச் சாவியைத் தேடும் சத்தம்.
ரொம்ப நேரம் ஆயிற்றே, அலுத்துப்போச்சா என்றேன்.

பேசவில்லை. லைன் போய்விட்டதோ என்று பார்த்தேன்.
பிறகு, எங்கள் இருவரில்
யாருக்கும் வலித்துவிடக்கூடாது என்பதுபோல்
குரலைத் தாழ்த்தி,
"இன்னும் கொஞ்சம் சுற்றியிருக்கலாம்."

கடைசி நிறுத்தத்தில்
எல்லோரும் இறங்கிய பின்
தண்டவாளம் ஒரு வட்டமடித்துத் திரும்பும்.
ஏறுகிறவர்கள் அந்தப் பக்கம் நிற்பார்கள்.
நடுவே ஒன்றரை நிமிடம், காலிப் பெட்டி.
தினமும் எட்டு முறை போகிற வட்டம்.

அன்றைக்குத்தான்
விசையைக் கொஞ்சம் தளர்த்தினேன்.
பலகையில் சிவப்பு எரிந்தது.
எரியட்டும்.