பதினைந்து ஆம்பியர்

பேரூராட்சிக் கூட்டத்துக்கு என்னைக் கூப்பிட்டது
மைக் கரகரத்ததால்.

சார்ஜிங் பாயின்ட் பஸ் ஸ்டாண்டில்தான் என்றார் தமீமுன் அன்சாரி.
அவர் டீக்கடை அங்கேதான்.
கோயில் இடம் சும்மா கிடக்கிறதே என்றார் ஒருவர்.
அறநிலையத்துறைக் கடிதம் வருவதற்குள்
கார் துருப்பிடித்துவிடும்.
கொள்முதல் நிலையக் களத்தோரம் என்றதும்
எழுந்துவிட்டாள் நான்காம் வார்டு தையல்நாயகி:
"குறுவை நெல்லு பதினோரு நாளா ரோட்டுல கெடக்கு,
காருக்கு எடம் தேடுறீங்களா?"

ரயில்வே கேட்டில் வையுங்கள்,
நீடாமங்கலத்தான் பாதி ஆயுள் அங்கேதானே நிற்கிறான்
என்றது பின்வரிசை.
சிரிப்பு அடங்க ஒரு கூட்ஸ் போகும் நேரமானது.

எந்தக் கம்பத்திலிருந்து இழுப்பாய் என்று
என்னை யாரும் கேட்கவில்லை.
வெண்ணாற்றங்கரை டிரான்ஸ்பார்மர் நூறு கே.வி.ஏ.
மோட்டார்கள் ஓடும் ராத்திரிகளில் அது முனகுவது
எனக்கும் தவளைகளுக்கும் தெரியும்.

அப்போது வாசலில் ஒரு வெள்ளைக் கார்,
சத்தமில்லாமல் வந்து
சத்தமில்லாமலே நின்றுபோனது.
வேளாங்கண்ணியிலிருந்து திரும்புகிறார்களாம்.
இரண்டு சதவீதம்.
பின்சீட்டில் மொட்டைத் தலையில் சந்தனத்தோடு ஒரு குழந்தை.

கட்டடத்தில் பதினைந்து ஆம்பியர் பிளக் ஒன்றே ஒன்று.
தலைவர் ஏசி அதில்.
பிடுங்கினேன்.
ஜன்னல் வழியே ஒயர் போனது.

மூன்று மணி நேரம்.
தீர்மான நகலால் குழந்தைக்கு விசிறியபடி
தையல்நாயகி இன்னும் களத்தை விட்டுக்கொடுக்கவில்லை.
மற்றவர்கள் சட்டைப் பொத்தானைக் கழற்றிக்கொண்டு
அவரவர் இடத்திலேயே நின்றார்கள்.

மீட்டரில் சிவப்புப் பொட்டு
துடித்துக்கொண்டிருந்தது.