செவலை நாய்

விழுந்தபோது வேகம் முப்பதுகூட இல்லை.
அதைச் சொன்னால் யாருக்கும் ருசிப்பதில்லை.

காட்பாடிப் பக்கமிருந்து ஏறி
பாலாற்றுப் பாலத்தின் பாதியில்
ஏதோ டிராக்டர் சிந்திவிட்டுப் போயிருந்த
இரண்டு கை மணல்மேல்
முன் பிரேக்கைப் பிடித்தேன்.
வண்டி இடப்பக்கம் படுத்துக்கொண்டது.
நான் அதை முந்திக்கொண்டு
தாரோடு தாராகக் கொஞ்ச தூரம் போனேன்.
வார் மாட்டாத ஹெல்மெட் எனக்கும் முன்னால் உருண்டது.

பையிலிருந்த பற்கள் எல்லாம் ரோட்டில்.
பல் லேப்பிலிருந்து கிளினிக்குகளுக்கு
மாவு அச்சும் கட்டுப்பல்லும் கொண்டுபோகிற வேலை எனக்கு.
பின்னால் நின்ற பஸ்ஸின் ஜன்னலில் ஒரு குரல்:
"அடக் கடவுளே, பல்லு மொத்தமும் கொட்டிகினு கீதே!"
கொய்யாக் கூடையை இறக்கிவைத்துவிட்டு ஓடிவந்த அம்மாள்
என் வாயைத்தான் முதலில் பிளந்து பார்த்தாள்.
"எல்லாம் கீதுபா" என்றாள், ஏமாந்தவள் போல.
பிறகுதான் முழங்காலைப் பார்த்தாள்.

ஐந்து தையல். மணிக்கட்டில் சுளுக்கு.
வலது உள்ளங்கையில் ரேகை இருந்த இடம் சிவப்பாக.
எப்படி ஆச்சு என்றார் டூட்டி டாக்டர்.
"நாய் குறுக்க வந்திடுச்சு சார்."
எங்கிருந்து வந்ததோ அந்த நாய்.
வாயிலிருந்துதான்.

பன்னிரண்டு நாள் அதை வீட்டில் வைத்து வளர்த்தேன்.
பார்க்க வந்தவர்களுக்கு அது தினம் கொஞ்சம் பெரிதானது.
மச்சானிடம் சொன்னபோது கூட இன்னொரு நாயும் துரத்தியது.
காலில் பிளாஸ்டிக் கவர் சுற்றிக் குளிப்பாட்டிய அம்சவேணி
"நாய்ங்கள பிடிச்சிகினு போவ ஆளே இல்லியா" என்று
முனிசிபாலிட்டியைத் திட்டினாள்.
முதுகில் சோப்போடு நான் பேசாதிருந்தேன்.
சட்டைப் பொத்தான் போட்டுவிடுகிற மகள் கேட்டாள்:
அதுக்கு அடி பட்டுச்சா?
இல்ல, ஓடிடுச்சு.
என்ன கலரு?
செவலை.

இடது கையால் சாப்பிட ஸ்பூன் பழகினேன்.
சத்துவாச்சாரியில் யாரோ ஒருவர்
என்னோடு விழுந்து உடைந்த கீழ்த்தாடைக்காக
இன்னொரு வாரம் கஞ்சி குடித்துக்கொண்டிருந்தார்.
லேப் முதலாளி போனில் சொன்னார்.
பெயரைச் சொல்லவில்லை.
ஒவ்வொரு வாய்க்கும் அந்த முகமில்லாத வாய் ஞாபகம் வந்தது.

ஹேண்டில் நிமிர்த்திய இம்தியாஸ்
கிரீஸ் விரலால் முன் டயரைத் தடவினான்.
"நாயின்னு சொன்ன. மணல்ல சறுக்கின மாதிரி கீதேண்ணா.
எங்க பாத்துகினு இருந்த?"

எங்கே பார்த்தேன்.

முந்தின ராத்திரி எங்கோ மேற்கே மழை.
தண்ணீர் வந்திருக்கிறதாம் என்று
பெட்ரோல் பங்கில் இருவர் பேசிக்கொண்டார்கள்.
பாலத்தில் ஏறும் யாரும் ஒரு தடவை திரும்பிப் பார்ப்பதுதான்.
நான் இரண்டு தடவை பார்த்தேன்.
ஆற்றைப் பார்த்து விழுந்தேன் என்று
எந்த வாயால் சொல்வது, அதுவும் பாலாற்றை?
தண்ணீரைத் தேடியவனை
அதன் மணல் தள்ளிவிட்டது என்றால் சிரிக்க மாட்டார்களா?

இன்று வார் மாட்டினேன். அந்தச் 'டிக்' சத்தம்
காதுக்குள் கேட்கும்வரை கிளம்பவில்லை.
பாலத்துக்கு முன்பே இரண்டாம் கியர்.
ஆட்டோக்காரன் ஹாரனால் வைதான். வையட்டும்.
நான் விழுந்த இடத்தில், நடைமேடை ஓரம்,
நிஜமாகவே ஒரு நாய் படுத்திருந்தது.
கறுப்பு.
என்னை ஒரு பொருட்டாக எண்ணவில்லை.

பாலம் தாண்டி ஓரங்கட்டி, ஸ்டாண்டு போட்டு,
மடங்காத காலோடு பாதிவரை திரும்பி நடந்தேன்.
கைப்பிடிச் சுவரில் சாய்ந்து
வேண்டிய மட்டும் பார்த்தேன்.
மணல், முள், மணல்.
நடுவில் வேட்டிக் கரை அகலத்துக்கு
ஏதோ மின்னியது.
தண்ணீரோ, யாரோ எறிந்த பாலிதீனோ.

சாயங்காலம் மகள் வாசலிலேயே பிடித்துக்கொண்டாள்.
அந்த நாய பாத்தியா?
பாத்தேன், நல்லா கீது, என்றேன்.
ஒன்றைக் கற்றுக்கொண்டேன்.
மற்றதற்கு இன்னும் தையல் பிரிக்கவில்லை.