தொண்ணூற்றேழு புள்ளி ஆறு

எடை அறுபத்தொன்றா, ஒன்று புள்ளி ஆறால் பெருக்கு
என்றான் சிக்கந்தர், பஞ்சர் ஒட்டிக்கொண்டே.
தினம் தொண்ணூற்றேழு புள்ளி ஆறு கிராம் புரதம்.

அன்று ராத்திரி கீழமாசி வீதியில் கணக்குப் போட்டேன்:
இட்லிக்கு இரண்டு கிராம் என்றால்
நாற்பத்தொன்பது இட்லி.
"எத்தனை வைக்க?" என்றார் பரிமாறுகிறவர்.
நாலு, என்றேன்.

ஆகவே டப்பா வந்தது. மூவாயிரத்து நானூறு.
கரண்ட் பில்லுக்கு எடுத்துவைத்த பணம் என்று
தமயந்தி சொல்லவில்லை;
மிக்ஸிக்குப் பின்னால் தள்ளி வைத்தாள்.

மூடியில் மாம்பழச் சுவை என்றிருந்தது.
சித்திரை விடியலில் நத்தம் தாண்டுகையில்
இரண்டு பக்கமும் தோப்பு பழுத்து மணக்க
நான் குலுக்கிக் குடித்தது
எந்த மரத்தை நினைத்துச் செய்ததோ.

நூற்றறுபதாவது கிலோமீட்டர், மேலூர்.
இடது கெண்டைக்கால் சுருண்டு பந்தாகி
இறங்கினேன்; இறங்கினேனா, விழுந்தேனா.
பாட்டிலில் மிச்சப் பொடி வெயிலில் திரிந்து நாறியது.
சிக்கந்தர் மாத்திரை நீட்டினான்.

அவித்த கடலை விற்றவளிடம் கேட்டேன்,
"இதுல எத்தன கிராம் புரதம்க்கா?"
"கிராமெல்லாம் தெரியாது. உழக்கா, அரைப்படியா?"

பல்லால் உடைத்துத் தின்றேன்.
உப்புநீர் முழங்கை வரை வழிந்தது.
சரியாகிவிட்டதென்று சொல்ல மாட்டேன்,
ஒத்தக்கடை வரை ஒற்றைக் காலால்தான் மிதித்தேன்.

வீட்டில் தமயந்தி டப்பாவை எடுத்து ஆட்டிப் பார்த்தாள்.
"இன்னும் எத்தன கரண்டி வரும்?"
பதினேழு, என்றேன்.
"கலக்கு," என்றாள்.
"எனக்கும் ஒண்ணு."