அளவு இயல்பு

பெங்களூர் பஸ்ஸில் வந்தது ஐஸ் பெட்டி.
டோல்கேட்டில் நாற்பது நிமிடம் நின்றதாம்.
மீன் என்று நினைத்து
கண்டக்டர் தள்ளித் தள்ளி வைத்தாராம்.

உள்ளே ஒரு தட்டு, உள்ளங்கை அகலம்.
எட்டு வரிசை, வரிசைக்குப் பன்னிரண்டு,
தொண்ணூற்றாறு கிணறு.
கிருஷ்ணகிரியில்
எல்லாக் கிணற்றிலும் ஒரே மட்டத்தில்
தண்ணீர் நிற்பது இங்கே மட்டும்தான்.

மூன்றாம் வரிசையில் ஐந்தும் ஆறும் திம்மராயன்.
காவேரிப்பட்டணம் மாங்கூழ் ஃபேக்டரியில்
டிரம் உருட்டுகிறவர்.
சீசன் உச்சத்தில் இரட்டை ஷிஃப்ட் முடித்து
குண்டான் சோறு தின்று படுத்தவர்
விடியலில் எழ நினைத்தார்.
நினைப்பு எழுந்தது. கால் எழவில்லை.
மத்தியானம் தானாகவே சரியாகி
நடந்தே போய் டீ குடித்தாராம்.
அதைத்தான் யாரும் நம்பவில்லை.
"ராத்திரி எவ்வளவு குடிச்சே?" என்றார்கள்.

தொடையில் எடுத்த சதை, மிளகளவு.
அரைத்தேன், சுழற்றினேன்,
மேலே நின்ற தெளிவை மட்டும் எடுத்தேன்.
அதில் தேடுவது ஒரு கதவை.
பொட்டாசியம் வந்தால் விடும்.
அதைவிடச் சிறிய சோடியத்தை விடாது.
பெரிசு நுழைகிற சந்தில் சிறிசு நுழையாதாம்.
முதல்முறை படித்தபோது
அச்சுப்பிழை என்றே நினைத்தேன்.

கழுவு. கவிழ். டிஷ்யூவில் ஓங்கி அறை.
திரும்பவும் கழுவு.
ஐந்தாவது கழுவலில் கரண்ட் போனது.
யூபிஎஸ் கத்தக் கத்த
செல்போன் வெளிச்சத்தில் ஊற்றி முடித்தேன்.

பிறகு நீலம்.
ஒட்டியது எவ்வளவோ அவ்வளவு நீலம்.
பதினைந்தாம் நிமிடம் அமிலம் விட்டதும்
நீலமெல்லாம் மஞ்சள்.
பக்கத்து மேசை நஸ்ரீன் எட்டிப் பார்த்து
"தோத்தாபுரிக் கூழ், அப்படியே" என்றாள்.

மெஷின் படித்தது: 0.612. 0.608.
நோயில்லாதவர்களுக்கு நட்டநடுவில்.
வெற்றுக் கிணற்றைக் கழித்தேன்.
நம்பாமல் மறுபடி கணக்குப் போட்டேன்.
கோடு வளைந்த இடத்தில் வளைந்தது,
புள்ளி விழுந்த இடத்தில் விழுந்தது.
ஒரு கதவும் குறையவில்லை.

எண்ணத்தான் இதற்குத் தெரியும்.
பூட்டிய கதவும் எண்ணிக்கையில் கதவுதான்.
அன்றைக்கு விடியலில் அவை திறந்தனவா
என்று கேட்க
இந்தத் தட்டில் கிணறு இல்லை.

"இயல்பு" என்று அடித்தேன்.
அழித்தேன்.
"அளவு இயல்பு" என்று அடித்தேன்.
அந்த ஒரு சொல்லுக்கு அரைமணி நேரம் ஆனது.

வராந்தா பெஞ்சில் இருந்தார்
ஃபைலை மடியில் கவிழ்த்து,
வலதுகாலை ஆட்டியபடி.
என்னைப் பார்த்தும் நிறுத்தவில்லை,
நிறுத்தினால்
நின்றுவிடும் என்பதுபோல.