ஒன்பதாவது கூட்டத்தின் குறிப்பு

பெட்டிகள் பதினொன்று வரைந்தேன்.
ஆட்கள் ஏழு பேர்.

பெரிய நாடொன்றின் கையேட்டைப் பார்த்து
அளவுகோல் வைத்து இழுத்த கோடுகள்.
மேலே அமைச்சரவை,
அதன் கீழ் ஒருங்கிணைப்புக் குழு,
அதற்கும் கீழே மருத்துவம், எல்லை, பள்ளி, மீன், படகு.
உத்தரவுகள் இறங்கிவர ஓர் அம்பு,
ஆலோசனைகள் ஏறிப்போக ஓர் அம்பு.
அச்சடித்துச் சுவரில் ஒட்டியதும் தெரிந்தது,
எங்கள் பரோயே தீவுகளுக்கு அது
அண்ணனின் சட்டை.

தலைமை மருத்துவர் சுன்வா மூன்று பெட்டிகளில் இருந்தார்.
காலை ஒன்பதுக்கு மருத்துவக் குழுத் தலைவராகப்
பரிந்துரை எழுதுவார்.
பத்தரைக்கு, அதே நாற்காலியில்,
ஒருங்கிணைப்புக் குழு உறுப்பினராக
அதைப் பிரித்துப் படிப்பார்.
"இரண்டாம் பத்தி தெளிவாக இல்லையே, யார் எழுதியது?"
சிரிக்க மாட்டார்.
விளக்கம் கேட்டுத் தனக்கே அனுப்புவார்.
நான் முத்திரை குத்தி, தேதி போட்டு,
மேசையின் இந்த ஓரத்திலிருந்து
அந்த ஓரத்துக்கு நகர்த்துவேன்.

ஒன்பதாவது கூட்டம்.
பொருள்: லாம்பொய் தீவுக்குப் போகும் படகை நிறுத்துவதா.

பதினான்கு பேர் வாழும் பாறை.
ஒரு இருமல்கூட இன்னும் கரையேறவில்லை அங்கே.
மர்யுனுக்கு மட்டும் ஒன்பதாம் மாதம்.
நிறுத்தினால் நோய் போகாது.
நிறுத்தினால் மருத்துவச்சியும் போக முடியாது.

கையேட்டின் ஆறாம் பக்கத்தை நான்தான் படித்தேன்,
படித்திருக்க வேண்டாம்:
'பொருளில் உறவோ நலனோ உள்ளவர்
அறையை விட்டு வெளியேறுக.'

துறைமுகத்துப் பார்டுர் எழுந்தார்.
மர்யுன் அவருடைய தங்கை மகள்.
பள்ளிகளின் ரெய்டுன் எழுந்தார்.
அந்தத் தீவில் மேயும் நாற்பது ஆடுகளில் அவருக்கும் பங்கு.
மீன் ஆய்வுக்கூடத்து எய்வின்
பாதி எழுந்து நின்றார்:
"முன்னாள் மனைவி உறவுக் கணக்கில் வருமா?"
கால் மணி நேரம் விவாதித்தோம்.
வரும்.
நிதிச் செயலாளருக்குச் சம்பந்தி வழியில் ஒரு வீடு.
காவல்துறைத் தலைவர் காரணம் சொல்லாமலே எழுந்தார்,
ஒருவரும் கேட்கவில்லை.
கடைசியாகச் சுன்வா.
மர்யுன் பிறந்தபோது
முதலில் ஏந்திய கைகள் அவருடையவை.

மிஞ்சியது நானும், காபிக் குடுவையும்,
கோபன்ஹேகனிலிருந்து வந்து
விமானம் நின்றுபோய் மாட்டிக்கொண்ட
கணக்காளர் யெப்பெயும்.
அவர் பேனாவை மூடி வைத்தார்.
"எனக்கு அங்கே யாருமே இல்லை.
நான் எப்படித் தீர்மானிப்பது?"

தாழ்வாரத்தில்
இரண்டிரண்டு மீட்டர் தள்ளி
தண்டனை பெற்ற பிள்ளைகள்போல நின்றவர்களைக்
கதவைத் திறந்து கூப்பிட்டேன்.
குறிப்பில் எழுதியது இவ்வளவுதான்:
'உறவினர் என்ற தகுதியில்
உறுப்பினர் அனைவரும் மீண்டும் அமர்ந்தனர்.'

அதற்குப் பிறகு குரல்கள் தணிந்தன.
விழுக்காடுகளை விட்டுவிட்டார்கள்.
காற்று எந்தப் பக்கம்,
பாறைப் படிகளில் பாசி எவ்வளவு,
வயிறு இறங்கிவிட்டதா என்று
ஒருவரை ஒருவர் கேட்டுக்கொண்டார்கள்.
ஒரே ஒரு நடை. அவளை அழைத்து வருவது.
அதன் பிறகு படகு இல்லை, மூன்று வாரம்.
நான்கு பத்துக்குக் கைகள் உயர்ந்தன.
யெப்பெயின் கையும், சற்றுத் தாமதமாக.

பார்டுர் படகுத்துறைக்குப் போன் போட்டார்.
மணி அடித்துக்கொண்டே இருந்தது.

படகோட்டி ஹோக்னிக்கு
என் வரைபடத்தில் பெட்டி கிடையாது.
மேற்கே வானம் கறுப்பதைப் பார்த்து
மூன்று நாற்பதுக்கே கயிற்றை அவிழ்த்துவிட்டிருந்தான்.
ஐந்தரைக்கு மர்யுன் இறங்கினாள்,
ஒரு கை இடுப்பில்,
இன்னொரு கையில் பூனைக்கூடை.

தீர்மானம்: மாலை 4.10.
படகு புறப்பாடு: மாலை 3.40.
இரண்டையும் எழுதினேன், அடுத்தடுத்த வரிகளில்.
ஒப்புதலுக்கு அனுப்பினேன்.

மறுநாள் காலை
பதினொரு கையெழுத்துகள் வந்து சேர்ந்தன.
சுன்வாவுடையவை மட்டும் மூன்று.
ஒருவரும்
ஓர் எழுத்தைக்கூடத் திருத்தியிருக்கவில்லை.