பனிக் கலப்பை

ரண்வெய்,
நேற்று சபைக் கூடத்துச் சமையலறையில்
காபிக் குவளைகளைத் துடைத்துக்கொண்டே கேட்டாய்:
"ஒன்பது வருஷம். இன்னுமா கேட்டுக்கொண்டிருக்கிறாய்?"
துண்டு ஈரமாகிவிட்டதென்று வேறொன்று எடுக்கப் போனேன்.
பதில் சொல்லாமல் இருக்கத்தான் போனேன்.

இப்போது விடிகாலை மூன்று மணி.
விடிகாலை என்பதெல்லாம் பேச்சுக்குத்தான்,
இங்கே சூரியன் ஜனவரி கடைசியில்தான் தலைகாட்டும்.
மேட்டுச் சாலையில் இருபத்தெட்டு கிலோமீட்டர்
பனியைத் தள்ளிக்கொண்டு போகிறேன்.
திரும்பி வரும்போது தள்ளிய தடமே இருக்காது.
நான் வரவேயில்லை என்பதுபோல
காற்று எல்லாவற்றையும் நிரப்பி வைத்திருக்கும்.
முதல் குளிர்காலத்தில் இதற்காக அழுதிருக்கிறேன்.
மேற்பார்வையாளர் ஓட்டார் சொன்னார்:
"பனியை ஒழிக்கவா உனக்குச் சம்பளம்?
சாலையைத் திறந்து வைக்கத்தான்."

கலப்பையில் கை வைத்தவள் பின்னால் பார்க்கக் கூடாது என்பார்கள்.
என் பிழைப்பே பக்கக் கண்ணாடியில்தான்.
புயல் நாளில் தடுப்புக் கம்பத்தருகே வண்டிகளை நிறுத்தி
எண்ணிக் கூட்டிப்போவோம்:
மீன் லாரி, தபால் வண்டி,
பிரசவத்துக்குக் கிளம்பிய ஒரு ஜோடி.
அவர்களுக்கு என் மஞ்சள் விளக்கு மட்டும்தான் உலகம்.
பின்னால் ஒரு விளக்கு குறைந்தாலும் நின்றுவிடுவேன்.

என் வரிசையில் ஒரு விளக்கு குறைந்து ஒன்பது வருஷம்.

யோஸ்தைன் கதவை அறையவில்லை, தெரியுமா?
அறைந்திருந்தால் சத்தமாவது மிஞ்சியிருக்கும்.
திடப்படுத்தல் ஆராதனைக்குத் தைத்த கோட்டை
ஆணியில் மாட்டிவிட்டு
"எனக்கு இதில் ஒன்றும் கேட்கவில்லை அம்மா" என்றான், மெதுவாக.
பிறகு பெர்கன். பிறகு நடுக்கடலில் எண்ணெய்க் கிணற்று மேடை.
பிறகு கிறிஸ்துமஸுக்கு ஒரு குறுஞ்செய்தி,
நாலே வார்த்தை, கடைசியில் ஒரு புள்ளி.

எப்படி ஜெபிக்கிறேன் என்று கேள்.
அழகாக இல்லை.
கியர் மாற்றும் இடத்தில் அவன் பெயர்.
பாலம் வரும்போது சின்னவள் ஸிலியேயின் கணக்குப் பரீட்சை.
சில இரவு "ஆண்டவரே" என்பதோடு சரி,
அதற்கு மேல் கொட்டாவிதான்.
அதையும் அவர் வாங்கிக்கொள்கிறார் என்றே நினைக்கிறேன்.
பிள்ளைக்காக உதடசைத்த ஒருத்தியைக்
குடித்தவள் என்று கடிந்துகொண்டார் ஒரு ஆசாரியர்.
என் உதட்டைப் பார்த்தால்
நம்மூர் போலீஸ்காரர் குழாயில் ஊதச் சொல்லியிருப்பார்.

போன மார்ச்சில் ஓர் இரவு
ஒதுக்கிடத்தில் வண்டியை நிறுத்தி
"இனி நீரே பார்த்துக்கொள்ளும், நான் பேசமாட்டேன்" என்றேன்.
நாற்பது நிமிஷம்.
கண்ணாடியில் பனி ஏறி இருட்டிவிட்டது.
அப்போது வயர்லெஸ்ஸில் ஓட்டார்:
"ஆம்புலன்ஸ் ஒன்று வருகிறது, மேடு திறந்திருக்கிறதா?"
கோபத்தோடுதான் கிளம்பினேன்.
கோபத்தோடு தள்ளினாலும் பனி விலகத்தான் செய்கிறது.
எனக்கு முன்னாலும் ஒருவர் ஓட்டிக்கொண்டு போகிறார், ரண்வெய்.
எல்லா வளைவிலும் அந்த விளக்கு தெரிவதில்லை.

உன் கேள்வி என்னைப் பற்றியதல்ல என்பது
துண்டு அலமாரியைத் திறந்தபோதுதான் உறைத்தது.
தூவா எந்த வீட்டுத் தரையில் தூங்குகிறாள் என்று தெரியாமல்
எத்தனை இரவாய் விழித்திருக்கிறாய்?
களைத்துவிட்டாய் என்றால் படு.
உன் பகுதியையும் சேர்த்து நான் தள்ளுகிறேன்.
எனக்கு முடியாத ஒரு மார்ச்சில்
என் பகுதியை நீ தள்ளு.

உன்னிடம் சொல்லாத ஒன்று.
மூன்று வாரத்துக்கு முன் யோஸ்தைன் போன் செய்தான்.
மன்னிப்பு இல்லை, சாமி பேச்சு இல்லை.
"அம்மா, மேட்டுச் சாலை திறந்திருக்கிறதா?"
"திறந்திருக்கிறது" என்றேன்.
யாரோ நண்பனுக்காகக் கேட்டானாம்.
இருக்கட்டும்.
அன்றைக்கு நான் இரண்டு தடவை தள்ளினேன்.