லுக்அவுட் கணவாய்

ஸ்போக்கேனிலிருந்து விடிவதற்குள் கிளம்பினேன்.
மொண்டானா எல்லையில், கணவாயின் உச்சியில்
ஒரு பலகை சொல்கிறது:
இங்கிருந்து மலை நேரம்.
ஒரு மணி நேரத்தைக் கழற்றி வைத்துவிட்டுத்தான்
அடுத்த வளைவில் இறங்க முடியும்.
வண்டியின் கடிகாரத்தை நான் திருத்தவில்லை.
அதன் பொத்தான் உடைந்து இரண்டு வருடமாகிறது.

மிசூலாவில் பதிவாளர் அலுவலகம், இரண்டாம் மாடி.
மேசைக்கு அப்பால் ஆரின் டாக்கெட்.
கழுத்தில் தொங்கும் கண்ணாடி, கையில் பென்சில்.
பேனா இல்லை என்பதே எனக்குச் சின்ன நம்பிக்கை.
லியோனா ஸ்டென்ஸ்கார்ட், என்று உரக்கப் படித்தார்,
வேறு யாரோ வரப்போவதைப் போல.

தொண்ணூற்றைந்து கிரெடிட், என்றேன்.
அறுபது, என்றார்.

கோபப்படாதீர்கள்.
அங்கே வருடத்தை மூன்றாக வெட்டுகிறார்கள்,
இங்கே இரண்டாக.
ரொட்டி அதே ரொட்டிதான், துண்டுதான் வேறு.

ரொட்டி புரிகிறது எனக்கு.
கத்தியில் ஒட்டிக்கொண்டு போவதைத்தான் கேட்கிறேன்.

புள்ளியியல் அங்கே ஐந்து.
இங்கே வந்தால் மூன்றும் மூன்றில் ஒன்றும்.
நர்சிங் கேட்பது நான்கு.
காலுக்குப் பெயருண்டு, அரைக்கு உண்டு,
முக்காலுக்கும் வீசத்துக்கும்கூட உண்டு.
மூன்றில் ஒன்று மட்டும்
பெயர் வைக்காமல் விட்ட பிள்ளை.
எனக்குக் குறைவது அப்படி இரண்டு பிள்ளைகள்.
அதைத் தனியாக எங்கும் விற்பதில்லையாம்,
முழுப் பாடத்தையும் மறுபடி வாங்க வேண்டும்.

அதில் நான் ஏ எடுத்தேனே?
ஏ எல்லை தாண்டாது, என்றார். மணிகள் மட்டுமே தாண்டும்.

டி-யும் தாண்டாது,
ஆனால் அது போகும்போது
தன் ஐந்து மணிகளையும் கூட்டிக்கொண்டு போய்விடும்.
உடற்கூறியல்.
மருத்துவமனை லாண்டரியில் கொதிகலன் வெடித்த குளிர்காலம்.
ஆறு வாரம் இரட்டை ஷிப்ட்.
விரிப்புகளை மடித்துக்கொண்டே
இருநூற்றாறு எலும்புகளையும் படித்தேன்.
தேர்வன்று மணிக்கட்டின் எட்டில்
ஐந்துக்குத்தான் பெயர் வந்தது.
மற்ற மூன்றும் வலித்துக்கொண்டு மட்டும் இருந்தன.

பௌலிங், ஒரு கிரெடிட்: ஏற்கப்பட்டது.
செவ்வாய் மாலைகளில் பத்துக் கட்டைகளை நான் சாய்த்ததை
மொண்டானா மறுக்கவில்லை.
ஆரினும் சிரித்துவிட்டார்.
பிறகு கண்ணாடியைத் துடைத்தபடி சொன்னார்:
ஏற்பது வேறு, பொருந்துவது வேறு.
அறுபதும் உள்ளே வரும்,
பட்டத்துக்கு உதவுவது நாற்பத்தொன்று.

மற்ற பத்தொன்பதும்?

இருக்கும், என்றார்.

இருக்கும்.
வாசலில் பன்னீர் தெளித்து வரவேற்பார்கள்,
பந்தியில்தான் இடமிருக்காது.

புள்ளியியலுக்கு சிலபஸ் வைத்திருக்கிறீர்களா?

வைத்திருந்தேன்.
வண்டியில், டயர் ரசீதுகளுக்கு அடியில்,
ப்ரெத்வெயிட் அம்மையார் தட்டச்சு செய்த ஒன்பது பக்கம்.
மாடிப்படியில் ஓடி இறங்கி ஓடி ஏறினேன்.
வெள்ளிதோறும் இரண்டு மணி நேரம் கணினி அறையில்
நாங்கள் தனியே போட்ட கணக்குகள்
சான்றிதழில் எந்த வரியிலும் இல்லை.
ஆரின் விரல் விட்டு எண்ணினார்,
பதினோரு வெள்ளிக்கிழமைகள்.
பத்தாவதில் நான் வரவில்லை என்று
சொல்ல வாயெடுத்து, மூடிக்கொண்டேன்.

ஓரத்தில் மெல்ல எழுதினார்: 4
பக்கத்தில் ஒரு கேள்விக்குறி.
குழு அடுத்த மாதம் கூடும்.
பென்சிலைக் காதில் செருகிக்கொண்டார்.
அழிப்பான் என் பக்கம் பார்த்தது.

திரும்பும் வழியில் பனி.
கணவாயின் உச்சியில் அதே பலகை, மறுபக்கம்.
காலையில் வாங்கிக்கொண்ட மணியை
அப்படியே திருப்பிக் கொடுத்தார்கள்,
எங்கே படித்தாய் என்று கேட்கவில்லை,
முத்திரையிட்ட உறை கேட்கவில்லை.

வண்டியின் கடிகாரம்
மறுபடி சரியாக இருந்தது.
பத்து மணி ஷிப்டுக்கு
இன்னும் நேரமிருந்தது.